பதினாலாம் குழி, ஸ்காட்லாந்துக் கரை

கொடியைப் பார்க்காதே, என்றாள் இஷ்பெல்.
அந்த மஞ்சள் முட்புதருக்கு நேராய் அடி,
மிச்சத்தைத் தரை பார்த்துக்கொள்ளும்.

வடகடல் காற்று
காலரைப் பிடித்து இழுத்தது.
ஏழாம் எண் மட்டையை உள்ளே வைத்து
நான்கை எடுத்தேன்.
முழங்காலுக்கு மேல் எழும்பாத அடி.
பந்து ஓடியது,
முயல்வளை தாண்டி, ஆட்டுத்தடம் பிடித்து,
மேட்டில் ஒரு கணம் யோசித்து
இடப்பக்கம் சரிந்து
பங்கருக்குள்.

மண்சுவர் என் மார்பளவு.
"பின்னால் அடி," என்றாள்
மூக்கைச் சிந்திக்கொண்டே.

முப்பது வருஷ வங்கி வேலையில்
ஒருநாளும் பின்னால் அடித்ததில்லை.
அடித்தேன்.

வந்த வழியிலேயே கிடந்தது பந்து,
கொடிக்கு இன்னும் தூரமாய்.
அங்கே நின்றபோதுதான்
கிரீனுக்குள் இறங்கும் பள்ளம் தெரிந்தது.

மொத்தம் ஆறு.
அட்டையில் ஆறென்றே எழுதினாள்.
மர்டோவாய் இருந்தால்
ஐந்து போட்டிருப்பான்.