ஐந்தே முக்கால்

மழை நூல் பிடித்தாற்போல் இறங்குகிறது.
ஓரிகன் கரையில்
நவம்பருக்கு வேறு வேலை கிடையாது.

பாலத்தின் கடைசி விளக்குக் கம்பம் என்னுடையது.
அதற்கு முந்தையது அவருடையது.
பட்டா யாரும் தரவில்லை,
இரண்டு வருடச் செவ்வாய்க்கிழமைகள் தந்தவை.

அவர் பூன்மி. டயர் கடைச் சட்டையின் பையில்
தைத்திருக்கிறது, அதனால் தெரியும்.
என் பெயர் அவருக்குத் தெரிய வழியில்லை.
என் வாளியில் எழுதியிருப்பது
'வெள்ளரி ஊறுகாய், பள்ளிச் சமையலறை'.

அவர் இரை சால்மன் தலை.
என் இரை கோழிக்கால்.
பார்த்துக்கொள்வோம். தலையசைப்போம்.
கடல்நாய் ஒன்று வந்து
இருவர் இரையையும் பாரபட்சமின்றித் தின்னும்.

இன்று ஓதம் திரும்பியபோது
நான் இழுத்தேன், அவர் கயிறு துடித்தது.
அவர் இழுத்தார், என் தோள்பட்டை போய் வந்தது.
நாங்கள் பேசாததை
வலைகள் கீழே பேசி முடித்திருந்தன.

கத்தியை எடுத்தேன்.
"வேண்டாம்," என்றார். "புதுக் கயிறு.
பதினெட்டு டாலர்."
இரண்டு வருடத்தில் முதல் பேச்சு.

ஒன்று, இரண்டு, இழு.
ஒன்று, இரண்டு, இழு.
வளைய வலை இரண்டும்
சண்டைபோட்ட பூனைகள் மாதிரி
ஒன்றாக உருண்டு மேலே வந்தன.

மூன்று பெண் நண்டுகள். உடனே கடலுக்கு.
ஒரு நட்சத்திர மீன். அதுவும்.
பிறகு அவன்:
ஒரு கொடுக்கு என் வலைக்கண்ணில்,
மறு கொடுக்கு அவர் வலைக்கண்ணில்,
இரு வீட்டுக்கும் மாப்பிள்ளை.

"உங்களுடையது."
"இல்லை, உங்கள் சால்மன் தலைக்கு வந்தவன்."
"கோழிதான் அதற்குப் பிடிக்கும்."

சட்டம் சொல்வது ஐந்தே முக்கால் அங்குலம்.
என் அளவுகோல் இரைக்கடைப் பிளாஸ்டிக்,
ஓட்டில் முட்டி நின்றது: தேறிவிட்டான்.
அவருடையது பழைய கார் நம்பர்பலகையில் வெட்டியது,
மயிரிழை இடம்விட்டு உள்ளே நுழைந்தது: தேறவில்லை.

ஸ்கூட்டரில் வந்த இக்னாசியோ,
ஒன்பது வயது, முன்பல் இரண்டு இல்லை,
குனிந்து பார்த்துத் தீர்ப்புச் சொன்னான்:
"இதுக்கு ரொம்பக் கோபம்."

நாங்கள் வழக்கை மறுபடி தொடங்கும்முன்
நண்டு தன் கொடுக்கை
என் வலையிலேயே கழற்றி வைத்துவிட்டு,
ஆம், கோட்டைக் கழற்றுவதுபோல் அவ்வளவு லேசாக,
பலகை விளிம்பில் பக்கவாட்டில் நடந்து
விழுந்தது.
சத்தம் வர நேரமாயிற்று.
பாலம் உயரம்.

பிறகு ஒரு மணி நேரம் முடிச்சவிழ்த்தோம்.
அவர் நுனியைப் பிடிக்க, நான் கண்ணிக்குள் நுழைக்க.
விரல் மரத்துப் பல்லால் இழுத்தபோது
உப்பு, டீசல், கோழிக் கொழுப்பு.

"மலைப்பாதை போவீர்களா?" என்றார்.
"பனிக்கு முன்னால் வண்டியைக் கொண்டுவாருங்கள்.
பின்சக்கரம் இரண்டும் வழுக்கை."
இரண்டு வருடமாய் என் டயரைப்
பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"மார்லிஸ்," என்றேன்.
"ஊறுகாய் என்றே நினைத்தேன்," என்றார்.
சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.
தொப்பி மறைத்தது.

வீட்டுக்குக் கொண்டுபோனது
வாளியில் இரண்டு அங்குல மழை.

அடுத்த செவ்வாய்
அவர் ஒரு கம்பம் தள்ளிப் போய் நின்றார்.
கயிறு சிக்கக் கூடாதில்லையா.
இப்போது காற்றுக்கு மேல்
கத்தித்தான் பேசவேண்டியிருக்கிறது.