கண்ணாடியில் ஒரு கணக்கு

ஹெய்ஹேயில் ஜனவரி.
விடியுமுன் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
ஆறு இறுகிவிட்டது. அக்கரை ரஷ்யாவின் விளக்குகள்
பனிக்கட்டிமேல் கால் வழுக்கி
இந்தப் பக்கம் வரை வந்து விழுகின்றன.

என் டாக்சியில் முதல் பந்தி பேட்டரிக்கு.
அது உடம்பு சூடாகி எழுந்தால்தான் சக்கரம் உருளும்.
இரண்டாம் பந்தி முன்கண்ணாடிக்கு,
மூச்சு படிந்தால் பாதை போய்விடும்.
மிச்சமிருந்தால்
ஆட்களுக்கு.
பெரும்பாலும் மிச்சமிருப்பதில்லை.

கோடையில் நானூறு கிலோமீட்டர் என்று மார்தட்டிய திரை
இப்போது நூற்று எழுபது என்று முனகுகிறது.
அதையும் நம்பிக் கடன் கொடுக்க முடியாது.
ஹீட்டர் பொத்தானைத் தொட்டால்
கண்ணெதிரே எண்கள் உதிரும்.
ஆகவே ஆட்டுத்தோல் காலணி, முழங்காலில் ரஜாய்,
மடியில் ரப்பர் வெந்நீர்ப் பை.
இருக்கைச் சூட்டுக்கு மட்டும் அனுமதி:
அது கோழிக்குஞ்சு மாதிரி, கொத்துவது கொஞ்சம்தான்.
முதுகுக்கு மே மாதம். மூக்குக்கு ஜனவரி.

விமான நிலையத்தில் ஒருவர் ஏறினார்.
லூ சூஃபெங். தெற்கத்திக்காரர்,
அந்தக் கையுறையைப் பார்த்தாலே தெரிந்தது.
உறைந்த ஏரிமேல் புது வண்டிகளை ஓட்டிச் சோதிப்பார்களே,
அங்கே போக வேண்டுமாம். எழுபது கிலோமீட்டர்.
திரையில் நூற்று அறுபது.

"ஹீட்டர் பழுதா?"
"பழுதில்லை. விலை."
"என்ன விலை?"
"ஒரு மணி நேரக் கதகதப்புக்கு இருபது கிலோமீட்டர்.
போகும்போது உங்களுக்குச் சூடு போட்டால்
வரும்போது நான் இறங்கித் தள்ள வேண்டும்."

சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.
பூர்ச்ச மரங்கள் தொடங்கும் இடத்தில்
திருட்டை ஒப்புக்கொள்ளும் குரலில் சொன்னார்:
"இந்த வண்டியின் ஹீட் பம்ப்,
நான் இருந்த குழு செய்தது."

வெளிக்காற்றிலும் வெப்பம் இருக்கிறதாம்,
இந்தக் குளிரிலும். அதைப் பிடுங்கி உள்ளே விடுவதுதானாம் வேலை.
வெளியே பார்த்தேன்.
மின்கம்பத்தில் ஒரு மாக்பை, உப்பி, பந்தாகி.
"எங்கே இருக்கிறது?"
"இருக்கிறது. மைனஸ் பதினெட்டு வரை பிடுங்கலாம்.
அதற்குக் கீழே பம்ப் கைவிரித்துவிடும்;
கம்பிச்சுருளைப் பழுக்க வைத்துத்தான்..."
"பழுக்க வைப்பது என் பேட்டரியை."
"ஆமாம்."

கொஞ்ச தூரம் டயர் மட்டும் பேசியது.

"உங்கள் சோதனையில் உள்ளே யார் உட்காருவார்கள்?"
"பொம்மை. நெற்றி, மடி, கணுக்கால், எல்லா இடத்திலும் சென்சார்.
இருபத்திரண்டு டிகிரி வர எத்தனை நிமிடம் என்று பார்ப்போம்."
"அது பொத்தானை அணைக்குமா?"

அவர் பதில் சொல்லவில்லை.
வெந்நீர்ப் பையைப் பின்னால் நீட்டினேன்.
மரியாதைக்கு ஒருமுறை மறுத்தார்,
பிறகு ஷூவைக் கழற்றிவிட்டார்.
கண்ணாடியில் பார்த்தேன்: கையுறையும் இல்லை,
பக்கக் கண்ணாடியில் தன் மூச்சின் மேலேயே
விரலால் எழுதிக்கொண்டிருந்தார்.
ஐயாயிரம். அறுபது. வகுத்தல். ஓர் ஆள்.
ஒரு கழுத்து, இரண்டு கை, இரண்டு கால் என்று படம்.
சமக்குறி போடும்போது ஏரி வந்துவிட்டது.

பணம் கொடுத்து இறங்கிப் போனவர்
கோட்டுக்குள் கைவிட்டுப் பார்த்து, பதறி,
வழுக்கி வழுக்கி ஓடி வந்தார்,
என் வெந்நீர்ப் பையோடு.
அது ஆறியிருந்தது. வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் அவர் மூச்சு உறைந்தது,
எழுத்தோடு சேர்ந்து, உள்பக்கம்.
பழைய வங்கி அட்டையால் முன்கண்ணாடியைச் சுரண்டினேன்,
என் பக்கத்தையும் சுரண்டினேன்.
அதைத் தொடவில்லை.
வீடு சேர்ந்தபோது திரையில் பதினொன்று.

மறுநாள் அம்மாவோடு ஏறிய ஒரு பொடியன்
நகத்தால் நெடுநேரம் கீறி,
சமக்குறிக்குப் பின்னால் ஒரு மீன் வரைந்தான்.
செதில் செதிலாக. வாலைக் கொஞ்சம் பெரிதாக.