பின்கியர்

எட்டு மாதமாக
வெர்னா லாக்சோவின் பிக்கப்புக்குப்
பின்னால் போகத் தெரியவில்லை.

அவளுக்கு வேலை கவுண்டியின் பனிவாரி வண்டியில்.
விடியல் நான்கிலிருந்து
முன்னால் இருபது அடி, பின்னால் இருபது அடி,
பீப் பீப் என்று ஊரை எழுப்பிவிட்டு
சொந்த வண்டியில் ஏறியதும்
சரிவு தேடும் கணக்கு தொடங்கும்.
மளிகைக்கடையில் கடைசி வரிசை.
தேவாலயத்தில் மேட்டோரம், மூக்கு சாலையைப் பார்த்து.
வங்கிக்குப் போவதே இல்லை,
அங்கே எதிரில் சுவர்.

ஒரே ஒருமுறை கணக்குத் தவறியது.
பெட்ரோல் பங்கில் முன்னால் ஒரு பால்லாரி.
ஹாக்கிப் பையன்கள் நால்வர் இறங்கித் தள்ளினார்கள்.
முகம் சிவந்தது குளிரால் என்று
அவர்களும் நினைத்திருக்கலாம்.

டுலூத்தில் கேட்டாள்: மூவாயிரத்து எண்ணூறு டாலர்.
"வண்டியே அவ்வளவு பெறாது" என்றவன்
பொய் சொல்லவில்லை.
அதுதான் எரிச்சல்.

ஜனவரி. கராஜில் மைனஸ் இருபத்தாறு.
அண்ணன் ஓரின் ஒரு முனை, இவள் ஒரு முனை,
உறைந்த ஏரியில் மீன்பிடிக்கப் போகும் சறுக்குப்பலகையில்
கியர்பாக்ஸைக் கட்டி
சமையலறைக்கு இழுத்து வந்தார்கள்.

திறந்ததும் அடிப்பிடித்த பாலின் வாடை.
கிளட்ச் தட்டுகள் கருகியிருந்தன.
உள்ளே, இரண்டு சக்கரக் கூட்டத்தை இணைக்கும்
ஒரு தகரக் கிண்ணத்தின் கழுத்தில்
பற்களெல்லாம் மழுங்கி வழுக்கை.
இதுவா?
இந்தக் கழுத்துக்காகவா
நான் சரிவு சரிவாக வாழ்ந்தேன்?

புதியது தடித்தது, கறுத்தது, கெட்டிப்படுத்தியது.
"கம்பெனி போட்டதைவிட நல்லது."
ஓரினிடம் இரண்டு முறை சொன்னாள்.
தட்டுகள் இரண்டு கூடுதல்.
இரண்டாம் கியருக்கு அகலமான பிஸ்டன்.
உருளைக்கிழங்கு வேகவைக்கும் கண்ணாடிப் பாத்திரத்தில்
இரவெல்லாம் சிவப்பு எண்ணெயில் தட்டுகள் ஊறின.
"இனி அதில் எனக்கு எதுவும் பரிமாறாதே" என்று
ஓரின் தொப்பியை எடுத்துக்கொண்டு போனான்.

பிறகு வால்வுப் பெட்டி,
கறையான் புற்றைக் குறுக்கே அறுத்தாற்போல வழிகள்.
வழிக்கொரு குழி, குழிக்கொரு எஃகுக் குண்டு,
கொத்தமல்லி விதையைவிடப் பெரிது,
சுண்டைக்காயைவிடச் சிறிது,
உருளாமலிருக்க வாஸ்லின்.
எல்லாம் மூடி, எல்லாம் முறுக்கி நிமிர்ந்தால்
துண்டின் மேல் ஒன்று
மிச்சம்.

மேம்படுத்தினால் ஒரு குழியைக் காலியாக விடவும்,
தாள் அப்படித்தான் சொன்னது.
எந்தக் குழி?
எண்ணெய் குடித்த தாள் கண்ணாடியாகிவிட்டது.
விளக்கில் பிடித்தால்
முன்பக்கத்து எழுத்தின் முதுகில் பின்பக்கத்து எழுத்து.
3ஆ, 8ஆ?
மூன்றின் பின்னால் இன்னொரு மூன்று
எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து நின்றாலும்
எட்டுதான்.

இரவு இரண்டு. கேட்க யாருமில்லை.
திருகுகளைத் திரும்பக் கழற்றினாள்.
ஒரு பின்னல் ஊசியை எடுத்து
எண்ணெய் எங்கிருந்து வரும், எங்கே முட்டும்,
எங்கே திரும்பும் என்று தொட்டுத் தொட்டுப் போனாள்.
எட்டாம் குழி காலியானால்
பின்கியருக்குப் போகும் எண்ணெய் வழியிலேயே கசியும்.
போதும்.
மூன்று.
தாள் சொல்லவில்லை, குழி சொன்னது.
பனிவாரிக்கு அன்று ஒரு மணி நேரம் தாமதம்.

அடுத்த ஞாயிறு, வண்டிக்கடியில் முதுகு உறைய
ஏற்றி, மாட்டி, ஊற்றி,
லீவரைத் தள்ளினாள்.
ஒரு டக்.
வண்டி இடுப்பை அசைத்தது.

கராஜை விட்டு வெளியே வந்தது.
அங்கே நிறுத்தியிருக்கலாம்.
நிறுத்தவில்லை.
தபால்பெட்டிகள், பக்கத்து வீட்டு நாய்,
பனிக்குவியலில் செருகிய மண்வெட்டி
ஒவ்வொன்றாக முன்னால் விலகிப் போக,
தெரு முழுவதும் பின்னாலேயே போனாள்,
தன் வண்டிக்கு அந்தச் சத்தம் கிடையாதென்பதால்
வாயாலேயே மெதுவாக
பீப் பீப் என்று சொல்லிக்கொண்டு.

சாம்பல் கிண்ணத்தில் அந்த மிச்சக் குண்டு
கடகடவென்று
முன்பக்கமாக உருண்டது.