முதலில் மூடி

ஆஸ்திராவாவில் கடல் இல்லை.
நாட்டிலேயே இல்லை.
வாளியில் உப்பைக் கரைத்து
நாங்களே செய்துகொண்ட கடல்
நாலாம் மாடியில், சோபாவுக்கு எதிரே,
நூற்றெண்பது லிட்டர்.

பத்து மாதம் வெறும் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
பழுப்புப் பாசி வந்தது, போனது.
பச்சை வந்தது, போக மறுத்தது.
பிறகு இரண்டு கோமாளி மீன்,
காளான்போல் ஒரு தோல் பவளம்,
போஹ்தானா கையை விட்டால்
நகக்கண்ணைச் சுத்தம் செய்யும் ஓர் இறால்.

இனி ஒன்றே ஒன்று, என்றாள்.
வருகிறவர் ஒரு ஷூவைக் கழற்றிவிட்டு
மறு ஷூவை மறந்து
நிற்கிற மாதிரி ஒன்று.

டிராம் பணிமனையில் இரவுவேலைக்குக் கிடைத்த பணம்
காப்பி டப்பாவில் இருந்தது.
டப்பாவோடு போனோம்.

மஞ்சள் டாங்.
விளக்கே வேண்டாம் அதற்கு.
கடைக்காரர் யாரோமிர் வலையைத் தொடவே இல்லை.
"தொட்டி எவ்வளவு நீளம்?"
தொண்ணூறு சென்டிமீட்டர்.
"திரும்புவதற்கே சரியாய்ப் போகும்.
நாள் முழுக்கத் திரும்பிக்கொண்டே இருக்கும்."
இரண்டு அறையில் ஆறு பேராய் வளர்ந்தவன் நான்.
மேலே பேசவில்லை.

மாண்டரின்.
சாயப்பட்டறை கவிழ்ந்த நீலமும் ஆரஞ்சும்.
அவள் மூக்கு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது.
"கண்ணுக்குத் தெரியாத பூச்சிதான் தின்னும்.
உங்கள் பாறையில் இருப்பது ஒரு மாதத்துக்குக் காணும்.
அப்புறம் அழகு குறையாமலே மெலியும்."
காசு வாங்க வேண்டியவர்
இப்படிப் பேசினார்.

தீ நிறத்தில் ஓர் ஏஞ்சல்.
"பவளத்தைக் கடிக்கலாம்,
கடிக்காமலும் இருக்கலாம்.
என் மாப்பிள்ளை மாதிரி.
வீட்டுக்குள் வந்த பிறகுதான் தெரியும்."

கடைசித் தொட்டியில், குழாய் ஓரம்,
விரல் நீளத்தில் ஒரு மங்கல்.
செங்கல்லைக் கழுவிய தண்ணீரின் நிறம்.
நனைந்த குடைபோல் மடிந்த துடுப்புகள்.
"இதுவா?" என்றேன்.
"ஃப்ளாஷர் ராஸ். ஆண்.
தோன்றினால் விரிப்பான்.
நீங்கள் கேட்டு விரிக்கமாட்டான்.
ஆனால் குதிப்பான்.
மூடி போட்டுவிட்டு வாருங்கள், தருகிறேன்."

மீன் வாங்கப் போனவர்கள்
எட்டாம் எண் டிராமில்
அலுமினியச் சட்டங்களோடு திரும்பினோம்.
ஒரு சட்டம் ஒருவர் தொப்பியைத் தட்டிவிட்டது.
வலைக்கு வழியில்லை, ஞாயிற்றுக்கிழமை.
சமையலறை ஜன்னலின் கொசுவலையை
அவளே கத்தரித்தாள்.

வந்தவன் ஐந்து நாள் பாறைக்குப் பின்னால்.
மைத்துனன் ஸ்பினேக் பிளம் சாராயத்தோடு வந்து
இரண்டு ஷூவையும் ஒழுங்காகக் கழற்றி
"எங்கே உங்கள் நட்சத்திரம்?" என்றான்.
பாறையைக் காட்டினோம்.
பாறையைப் பாராட்டிவிட்டுப் போனான்.

வேலை முடிந்து வந்த ஒரு விடியலில்
கைவிளக்கு அடித்துப் பார்த்தேன்.
தன் எச்சிலால் நெய்த உறைக்குள்
கண் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான்.
விளக்கை அணைத்தேன்.
கிரீஸ் நாறும் கையோடு
இருட்டில் கொஞ்சம் நின்றேன்.

பிறகு ஒரு சாயங்காலம்
வெள்ளை விளக்கு அணைந்து நீலம் மட்டும் இருக்கையில்
கண்ணாடியில் தன்னையே பார்த்துவிட்டான்.
விரித்தான்.
எல்லாவற்றையும்.
அந்தச் சிறிய உடம்புக்குள் அத்தனை சிவப்பு
எங்கே மடித்து வைத்திருந்தான்?
"போஹ்தானா!"
தலையில் ஷாம்பு நுரையோடு ஓடிவந்தாள்.
குடை மடிந்துவிட்டது.

அவள் பார்த்தது வேறொரு நாள்.
நான் இல்லை.
ஊதா என்கிறாள்.
ஊதாவே கிடையாது என்கிறேன்.
சூப் ஆறுகிறது.

இப்போது ஜூன்.
ஆற்றுக் கொசுக்கள் எல்லாம்
எங்கள் சமையலறை வழியாகத்தான் வருகின்றன.
நள்ளிரவில் தோளில் ஒன்றை அறைந்துவிட்டு
அரைத் தூக்கத்தில் கேட்கிறாள்:
மூடி சரியாக இருக்கிறதா
பார்த்தாயா?