அரை இஞ்சி எல்போ

ஈரம் எங்கே தொடங்குகிறது என்று பார்க்க
சிரட்டையால் மணலைத் தோண்டினேன்.
களுவாஞ்சிகுடி மணல்;
ஒரு பக்கம் அள்ள மறுபக்கம் சரியும்.
முழங்கை ஆழத்தில் கிடந்தது எல்போ,
மதிலுக்கு ஒரு சாண் இப்பால்,
லைன் தங்கச்சி வீட்டுக்குத் திரும்பும் இடத்தில்.
கழுத்தில் மயிரளவு வெடிப்பு.

ஆஸ்பத்திரியில் துளி எண்ணுவது என் வேலை.
சேலைன் செற்றில் இருபது துளி ஒரு மில்லிலீற்றர்.
குந்தியிருந்து, மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினேன்:
நிமிடத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு.
நாளைக்கு எட்டு லீற்றர்.
மாதத்துக்குக் கால் யூனிற்றும் வராது.

கால் யூனிற்.
இதற்கா பங்குனி மாதம்
பில்லைக் கிழித்து மதிலுக்கு மேலால் எறிந்தாள் தவமலர்?
"ஒண்ட புள்ளையள் பைப்பத் திறந்து போட்டுத்தானே பல்லு விளக்குறது!"
நான் திருப்பிச் சொன்னதை இங்கே எழுத மாட்டேன்.

அம்மா வளவை இரண்டாக்கி
எங்கள் இருவருக்கும் சீதனம் எழுதியபோது
காணியை அளந்தார்கள்.
தென்னைகளை எண்ணினார்கள்.
கிணற்றில்கூட ஆளுக்குப் பாதி.
மீற்றர் அப்போது இல்லை.

வால்வைப் பூட்டினேன்.
தண்ணி நிக்கப்போகுது என்று
மதிலுக்கு அப்பால் ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.

அரிவாள் பிளேட்டில் துணி சுற்றி
எல்போவின் இரண்டு பக்கமும் அறுத்தேன்.
கிழட்டு வால்வு; முழுசாய்ப் பூட்டாது.
அறுத்த வாயால் நூல் மாதிரித் தண்ணீர்.
ஈரத்தில் பசை பிடியாது.
ஹார்ட்வெயார் பொடியன் சொல்லித்தான் விட்டிருந்தான்:
"பாண்ட பஞ்ச உருட்டி உள்ளுக்கு அடைங்க மிஸ்ஸி,
மறுகா அது தன்பாட்டில கரைஞ்சி போயிரும்."
காலைப் பாணின் நடுவைப் பிய்த்து
விரலால் தள்ளினேன்.
நின்றது.

அப்போதுதான் படலை திறந்த சத்தம்.
தவமலரின் புருஷன் குணசீலன்,
இடுப்பில் சாரன், தலை முழுக்கச் சவுக்காரம்,
ஒற்றைக் கண்ணைத் திறந்தபடி.
ஏழு மாதத்துக்குப் பிறகு என் வளவுக்குள்.

ஏச வந்திருப்பார்.
குழியைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார்.
மதிலுக்குள் புகும் பைப் வளைந்து தராமல் நின்றது;
எனக்கு மூன்றாவது கை இல்லை.

"இதப் புடிங்க."
"எவ்வளவு நேரம்?"
"முப்பது எண்ணுங்க. திருகிராதீங்க."

எல்போ பைப்பில் இறங்கியது.
அவர் வாய்விட்டு எண்ணினார்.
பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, ஒவ்வொன்றாய்.
பதினேழில் நுரை கண்ணுக்குள் வழிந்தது.
எண்ணுவதை நிறுத்தவில்லை.
பதினெட்டுக்குக் குரல் மட்டும் கொஞ்சம் மேலே போனது.
முப்பதுக்குப் பிறகு
நான் விடச் சொல்லும்வரை பிடித்துக்கொண்டிருந்தார்.

வாளியில் கிணற்றுத் தண்ணீர் அள்ளிக் கொடுத்தேன்.
சவர். சவுக்காரம் அதில் போகாது,
இருவருக்கும் தெரியும்.
ஊற்றிவிட்டு, தலை பிசுபிசுக்க,
ஒன்றும் பேசாமல் போனார்.

ஒரு மணித்தியாலம் பசை காயவேண்டும்.
சோறு வடித்தேன். யூனிபோர்ம் மடித்தேன்.
பழைய எல்போவைக் கழுவி யன்னல் விளிம்பில் வைத்தேன்,
ஏன் என்று தெரியாது.
பிறகு வால்வைக் கால்வாசி,
அரைவாசி,
முழுக்கத் திறந்துவிட்டு
குழி ஓரத்தில் குந்தியிருந்தேன்.
துளி இல்லை.
இரண்டு நிமிடம் எண்ணினேன். இல்லை.

மதிலுக்கு அப்பால் பைப் இருமியது.
காற்று, தண்ணீர், காற்று.
பிறகு ஒரு நீண்ட அமைதி.

"அக்கா..."

நான் அசையவில்லை.

"எங்கட பைப்பால பாண் வருது!"

சிரிக்கிறாளா ஏசுகிறாளா என்று
குரலில் பிடிக்க முடியவில்லை.

"கொஞ்ச நேரம் திறந்து விடு," என்றேன்.
"போயிரும்."

திறந்துதான் விட்டாள்.
என் பக்கத்து மதிலில் மீற்றர்
கிறுகிறுவென்று சுற்றியது.
பார்த்துக்கொண்டிருந்தேன்.
பூட்டச் சொல்லவில்லை.