கிறுக்கன் வளவு

வரி ரசீதில் எங்கள் சந்து
இன்றைக்கும் கிறுக்கன் வளவுதான்.
எந்தத் தலைமுறையில் யாருக்குப் பிசகியது என்று
அப்பாவுக்கும் தெரியவில்லை.
என்னைப் பார்க்க வந்த இரண்டு வீட்டார்
காபியைக் குடித்துவிட்டு
விலாசத்தைக் காரணம் சொன்னார்கள்.

கருமத்தம்பட்டிக் கோயில் பதிவேட்டில்
ஊதா மையில் ஒரு கல்யாணம்:
மாப்பிள்ளை ஸ்தமாத்தி,
திருப்பூர் பஞ்சு பிரஸ்ஸில் எடைக்காரர்,
தேசம் கிரீக்கு.
பெண் அருளாயி.
கிரீக்கு.
எங்கள் ஊர் வாயில் அந்த நெடில்
எத்தனை நாளைக்கு நின்றிருக்கும்?

கோயமுத்தூர் ஆவண அறையில்
ஜனத்தொகைக் கணக்கு கேட்டேன்.
பேர் எழுதிய தாள் ஒன்றுமில்லை.
"கூட்டிப் பார்த்ததும் கழிச்சுருவாங்க,
தொகை மட்டுந்தான் நிக்கும்ங்க"
என்றார் பண்டல் தூக்கிவந்த பொங்கியண்ணன்.

1901, தாய்மொழி அட்டவணை.
தமிழும் தெலுங்கும் கன்னடமும் லட்சங்களில்,
பட்டுநூல்காரர் பேச்சு சில நூறு,
விரல் வைத்து அடிவரைக்கும் இறங்கினால்
கிரேக்கம்: ஆண் 1.
பெண் என்ற இடத்தில் ஒரு கோடு.

1911லும் அதே ஒன்று, அதே கோடு.
அதற்குள் பிறந்த ஆறு பிள்ளைகள்
தமிழ் லட்சத்தில் எங்கோ இருக்கிறார்கள்.
1918, அடக்கப் பதிவேடு: ஸ்தமாத்தி, விஷக்காய்ச்சல்.

1921.
கிரேக்கம்: ஆண், கோடு.
பெண் 1.

"அச்சுப் பிழையா இருக்கும்ங்க" என்றார்.
இருக்கலாம்.

நானும் எடுத்திருக்கிறேன் இந்தக் கணக்கு,
பள்ளிக்கூடம் விட்டபின், 2011ல்.
பனியன் கம்பெனி லைன் வீட்டில்
ஒரு ஒடியா பையன் சொன்னான்:
தமிழ்னே போட்டுக்கங்க டீச்சர்.
இருட்டுவதற்குள் இன்னும் நாற்பது வீடு.
போட்டுக்கொண்டேன்.

அருளாயிக்கு எத்தனை வார்த்தை தெரிந்திருக்கும்?
உப்பு, தண்ணி, வா,
தராசுத் தட்டு ஏமாற்றும்போது
அவர் பல்லைக் கடித்துச் சொன்னது.
பதினைந்து? இருபது?
கணக்கெடுக்க வந்தவன் மைக்கூட்டோடு வாசலில் நின்று
தமிழ்தானே என்று கேட்டபடியே
எழுதப்போயிருப்பான்.
இல்லீங்க, என்றிருக்கிறாள்.

1931 தொகுதி பைண்டிங்குக்குப் போயிருக்கிறது.
வியாழக்கிழமை வரச் சொன்னார்.