கோட்டைமேடு, காலை ஏழரை

ஆளுக்கு இருநூறு, குழந்தைக்குப் பாதி.
வழிகாட்டும் ரிஸ்வானா செருப்பு நுனியால்
தார்ச்சாலையில் ஒரு கோடு இழுக்கிறாள்:
"இங்கதானுங்க கோட்டைச் சுவரு."

பதினோரு பேரும் நிமிர்ந்து பார்க்கிறோம்.
மின்கம்பிகள். ஒரு காக்கா.
மொட்டைமாடியில் காயும் பச்சை லுங்கி.

சம்பத் அதையும் படமெடுக்கிறான்.
வியாழனிலிருந்து என்னோடு பேச்சில்லை.
பேருந்தில்கூட
"அம்மாகிட்ட தண்ணி கேளு கண்ணு" என்றான்,
பாட்டில் என் மடியில் இருக்க.

எல்லோரும் கோட்டைத் தாண்டுகிறார்கள்.
(எந்தக் கோட்டை என்று கேட்காதீர்கள்.)
மிதுனா மட்டும் நிற்கிறாள்.
"சுவத்துக்குள்ள எப்படிப் போறது?
வாசல் எங்க?"

ரிஸ்வானா வரைபடத்தைத்
திருப்பித் திருப்பிப் பார்த்து
"கொஞ்சம் சுத்தோணும் அம்மிணி" என்கிறாள்.

இல்லாத சுண்ணாம்பில் விரல் உரசியபடி
முன்னால் போகிறாள் பெண்.
உள்ளே அவன், வெளியே நான்,
நடுவில் கறிக்கடை கழுவிவிட்ட தண்ணீர்.

முக்கில் பின்னோக்கி வருகிறது
தக்காளி ஏற்றிய குட்டியானை.
"பாத்து வா" என்கிறான்,
என்னைப் பார்த்தேதான்.

வாசல் இருந்ததாகச் சொன்ன இடத்தில்
ஒரு பேக்கரி.
மூன்று தேங்காய் பன் வாங்கினான்.
"காவக்காரருக்கு?" என்றாள் மிதுனா.